செங்கண் தாதாவின் சொந்தக் கதை

ஈச்சங்காட்டில் செண்பகராசன் என்றொரு செம்போத்து இருந்தார். 'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். காட்டு வானொலியின் அறிவிப்பாளர் அல்லவா, கொஞ்சம் மரியாதையாகவே சொல்லிவிடுவோம்.

வானொலி என்றதும் பெரிய கருவி ஏதோ என்று நினைக்க வேண்டாம். ஆனைமடுவின் கரையில் ஒரு பழைய இலுப்பை மரம் நின்றது. அடியிலிருந்து உச்சி வரை உள்ளே வெறும் பொந்து. மேலே ஒரு வாய், கீழே புதருக்குள் ஒரு வாய். மேல் வாயில் அலகை வைத்துப் பேசினால் மரம் முழுக்க அதிர்ந்து காட்டின் மறுகோடி வரை கேட்கும். கீழ் வாயில் யாராவது முனகினால், மேலே உட்கார்ந்திருப்பவரின் காதில் மட்டும் விழும்.

காலையில் செய்திகள். எந்த அத்திமரம் பழுத்திருக்கிறது, யானைகள் எந்தப் பக்கம் போயின, மடுவில் தண்ணீர் எப்படி என்றெல்லாம் சொல்வார். மாலையில் 'மனம் விட்டுப் பேசுவோம்'. காட்டில் யாருக்கு என்ன வருத்தம் இருந்தாலும், பொழுது சாயும்போது புதருக்குள் நுழைந்து கீழ்ப் பொந்தில் சொல்லிவிட்டுப் போகலாம். யார் பேசுகிறார்கள் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. செண்பகராசனும் பெயர் கேட்க மாட்டார்.

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு நேயர், இடம் சொல்ல விரும்பாத ஓர் இடத்திலிருந்து பேசினார்" என்று ஆரம்பிப்பார். பிறகு அந்த வருத்தத்துக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்வார்.

உள்ளதை மறைக்கக் கூடாது. ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளே கிடையாது. குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் கனத்த குரல். அந்தக் குரலில் "கவலைப்படாதீங்க" என்று ஒரு முறை சொன்னால், எந்நேரமும் காதை விடைத்துக்கொண்டு திரிகிற முயல்கூடக் கொஞ்ச நேரம் கண்ணை மூடும்.

முள்ளம்பன்றி வேலாயுதம் அடிக்கடி வருவார். "முதுகெல்லாம் முள்ளுன்னு ஒருத்தரும் பக்கத்துல வர மாட்டேங்கிறாங்க. ஒரு கல்யாணம் காட்சின்னாகூட என்னைத் தள்ளியே உக்காரச் சொல்றாங்க" என்று அழுவார். இன்னொரு நாள் ஒரு கரடி வந்தது. ஆள் பார்க்க மலை மாதிரி. ஆனால் தேனீயைக் கண்டால் கைகால் நடுங்குமாம். "வெளிய தெரிஞ்சா என் இனத்துல தலை காட்ட முடியாதுங்க" என்று விசும்பியது. இருவருக்கும் ஆறுதல் கிடைத்தது. இருவர் பெயரும் வெளியே வரவில்லை.

ஒரு நாள் மிளகி வந்தாள். மிளகி ஒரு சருகுமான். முயல் உயரம்தான் இருப்பாள். காய்ந்த இலை மேல் நடந்தாலும் சத்தம் கேட்காது. அவள் பேச்சும் அப்படித்தான் இருந்தது.

"ஐயா, என் பிள்ளைக்குப் பின்னங்கால் ஒண்ணு விளங்கல. கல்லு உருண்டு விழுந்திருச்சு. நடக்குது, ஓட முடியல. காட்டுல ஓட முடியாத பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? ஒளிச்சு வச்சிட்டுத்தான் மேயப் போறேன். வாய் புல்லுல இருக்கு, மனசு பூரா அங்கதான் இருக்கு. ஒரு வாய் எறங்க மாட்டேங்குது."

"எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

இதை அவர் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. நேயர் பேச ஆரம்பித்தால் கேள்வி போட்டுப் பேச்சை வளர்ப்பது அவர் தொழிலின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வறண்ட ஓடைக்கு மேற்கால, இடி விழுந்து சாஞ்ச மருதமரம் இருக்குல்லங்க, அதோட பொந்துக்குள்ள. ஐயா, வெளிய சொல்லிராதீங்க."

"இங்க விழுந்த வார்த்தை இங்கயே கிடக்கும்மா. நீங்க நிம்மதியா மேயுங்க. பிள்ளை நல்லா வரும்" என்றார் செண்பகராசன்.

மிளகி அன்றைக்குத்தான் வயிறார மேய்ந்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காட்டுக்குள் ராப் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் பெயர் சாக்கடைச் சீனி. பக்கத்து ஊரிலிருந்து வந்த பெருச்சாளி. அவனுக்கு வாலில் பாதிதான் உண்டு. மடுக்கரைப் பாறையில் ஏறி நின்றான். பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் படபடவென்று கொட்டினான்.

"பொறந்தது சாக்கடை, வளந்தது பலசரக்குக் கடை,
பொறி வச்சான் வாசப்படி, போச்சுடா என் வாலு பாதி,
மிச்ச வாலு ஆடுது பார், மிரட்டுனவன் ஓடுறான் பார்!"

மரங்கொத்தி கொண்டையன் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து 'டொக் டொக், டொக்' என்று தாளம் போட்டான். மான் குதித்தது, குரங்கு குட்டிக்கரணம் போட்டது, மடுவில் கிடந்த எருமைகூட ஒரு காதை ஆட்டியது. எருமை ஆட்டினால் அது பெரிய வெற்றிதான்.

அன்று மாலை 'மனம் விட்டுப் பேசுவோம்' நேரத்தில் கீழ்ப் பொந்துக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பாறையைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். செண்பகராசன் மேலே தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்தார். வயிறு எரிந்தது.

'இவன் என்ன செய்கிறான்? பேசுகிறான். நானும் பேசுகிறேன். இவனைவிட நன்றாகவே பேசுகிறேன். அப்படியானால் நானும் ராப்பர்தானே?' என்று யோசித்தார்.

எவ்வளவு சுத்தமான கணக்கு பாருங்கள். தவளையும் நீந்துகிறது, முதலையும் நீந்துகிறது, ஆகவே இரண்டும் ஒன்று என்பதைப் போல.

மறுநாள் கொண்டையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நானும் ராப்ல இறங்கலாம்னு இருக்கேன். நீ தாளம் போடணும்."

கொண்டையன் கழுத்தைச் சாய்த்து அவரைப் பார்த்தான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க குரலு தூங்க வைக்கிற குரலு."

"நேயர்கள் அதைத்தான் விரும்புறாங்க."

"ராப் கேக்க வர்றவன் தூங்கக் கூடாதுண்ணே."

இருந்தாலும் ஒத்திகை ஆரம்பமானது. முதல் தகராறு மௌனத்தில் வந்தது. ராப்பில் ஒரு வரி முடிந்ததும் தாளம் மட்டும் கேட்க வேண்டும். பாடுகிறவர் சும்மா இருக்க வேண்டும். வானொலிக்காரருக்கோ மௌனம் என்றால் எமன். ஒரு கணம் சத்தம் நின்றாலும் நிலையமே படுத்துவிட்டது என்று நேயர் நினைத்துவிடுவார். அந்தப் பயத்திலேயே தொழில் கற்றவர் அவர். ஆகவே தாளத்தில் எங்கே இடைவெளி வந்தாலும் "தொடர்ந்து இணைந்திருங்கள்" என்று நிரப்பினார்.

"அண்ணே, இந்த இடத்துல சும்மா இருக்கணும்."

"சும்மான்னா எப்படிப்பா?"

"வாயை மூடிக்கிட்டு."

"அது எனக்குப் பழக்கமில்லையே தம்பி."

இரண்டாவது தகராறு இன்னும் பெரியது. "சரிண்ணே, உங்க கதை என்ன?" என்று கேட்டான் கொண்டையன்.

"என்ன கதை?"

"சொந்தக் கதைண்ணே. ராப்புன்னா பட்ட கஷ்டத்தைச் சொல்லணும். சீனிக்கு வாலு போச்சு. உங்களுக்கு என்ன போச்சு?"

செண்பகராசன் வெகுநேரம் யோசித்தார். அவர் பிறந்தது இதே இலுப்பை மரத்தில். அவருடைய அப்பாவும் அறிவிப்பாளர்தான். அம்மா கொழுத்த கம்பளிப்பூச்சியாகப் பார்த்துப் பொறுக்கி ஊட்டி வளர்த்தாள். பசி என்றால் என்னவென்று அவர் செய்தியில்தான் கேள்விப்பட்டிருக்கிறார்.

"ஒரு தடவை மழையில நனைஞ்சுட்டேன்" என்றார் கடைசியில்.

"அப்புறம்?"

"காஞ்சுட்டேன்."

கொண்டையன் பெருமூச்சு விட்டான். "இது தேறாதுண்ணே. நல்ல கஷ்டமா ஒண்ணு கொண்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனான்.

நல்ல கஷ்டத்துக்கு எங்கே போவது? செண்பகராசன் கவலையோடு பொந்தை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கஷ்டத்துக்கா பஞ்சம்! இந்தக் காட்டில் அவரிடம் இருந்த அளவுக்குக் கஷ்டம் வேறு யாரிடம் இருந்தது? முள்ளம்பன்றியின் கஷ்டம், கரடியின் கஷ்டம், சருகுமானின் கஷ்டம் என்று எல்லாம் அவர் காதுக்குள் அடுக்கி வைத்தபடி இருந்தது. எதிலும் உரியவர் பெயர் இல்லை.

'சொன்னவர்கள் தங்கள் பெயர் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்? என் பெயர் வேண்டாம் என்று சொல்லவில்லையே' என்று நினைத்துக்கொண்டார். 'நேயர்களின் குரலாக ஒலிப்பது வானொலியின் கடமை' என்றும் நினைத்துக்கொண்டார். கெட்ட காரியம் செய்யப் போகிறவர்களுக்குக் கடமை உணர்ச்சி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

அடுத்தது பெயர். செண்பகராசன் என்ற பெயரில் ராப் பாடினால் யார் மதிப்பார்கள்? 'செங்கண் தாதா' என்று வைத்துக்கொண்டார். கோபத்தில் கண் சிவந்த தாதாவாம். செம்போத்துக்குக் கண் பிறவியிலேயே சிவப்பு என்பது காட்டில் குஞ்சு குளுவானுக்கும் தெரியும். தின்றுபோட்ட நத்தை ஓடுகளைக் கொடியில் கோத்துக் கழுத்தில் சங்கிலியாகத் தொங்கவிட்டுக்கொண்டார். நடக்கும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. நத்தைகள் மட்டும் அதைப் பார்த்து முகம் சுளித்தன.

விளம்பரத்துக்கும் குறைவில்லை. மறுநாள் காலைச் செய்தியில் அத்திப்பழ நிலவரம் சொல்லி முடித்ததும், "இன்று மாலை நம் இலுப்பை மரத்தடியில் செங்கண் தாதா முதன்முறையாகப் பாடுகிறார். அவர் பாடலை நான் கேட்டேன். மெய்சிலிர்த்துப் போனேன்" என்றார். தன் பாட்டுக்குத் தானே மெய்சிலிர்க்க ஒரு தனித் திறமை வேண்டும்.

மாலையில் நல்ல கூட்டம். மிளகியும் வந்து ஓரமாக நின்றாள். அவளுக்கு ராப் எல்லாம் தெரியாது. தனக்கு ஆறுதல் சொன்ன ஐயா ஏதோ பாடுகிறாராம், கேட்டுவிட்டுப் போவோம் என்று வந்திருந்தாள். கொண்டையன் தாளத்தைத் தொடங்கினான். செங்கண் தாதா இலுப்பையின் மேல் வாயில் அலகை வைத்தார்.

"செங்கண் தாதா வந்தேன்டா, சிரிப்பே அறியா ஆளுடா,
முதுகு முழுக்க முள்ளுடா, கட்டிப் பிடிக்க யாருடா?
தேனீ வந்தா நடுக்கம்டா, தெரிஞ்சா மானம் போகும்டா
(தொடர்ந்து இணைந்திருங்கள்!)
பின்னங்கால் விளங்கலடா, பொந்துக்குள்ள கிடக்கேன்டா,
மருதமரம் சாஞ்ச இடம், மறைச்சு வச்ச தாயி மனம்,
அம்மா மேயப் போயிட்டாடா, தனியா நான் அழுவுறேன்டா
(நேயர்களே, நேரம் இப்போது அந்தி!)"

ஒரு பறவையின் முதுகில் முள் எப்படி முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டே கால் உள்ளவருக்குப் பின்னங்கால் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. கலை என்று வந்துவிட்டால் அதையெல்லாம் கேட்கக் கூடாதாம். கூட்டம் தாளத்துக்குத் தலையாட்டியது. தாளம் கொண்டையனுடையது என்பதால் ஆட்டும்படியாகவே இருந்தது.

ஆனால் கூட்டத்தில் சிலருக்குத் தலை ஆடவில்லை. கரடி மெல்ல உட்கார்ந்து, காலில் முள் குத்தியது போலக் குனிந்துகொண்டது. "யாருப்பா அது தேனீக்குப் பயந்த ஆளு?" என்று ஒரு குரங்கு சிரித்தபோது அது இன்னும் குனிந்தது. வேலாயுதம் முட்களையெல்லாம் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, யாரும் பார்க்காத பக்கமாக நடையைக் கட்டினார். அவமானத்தில் அவருக்குக் கண் மறைத்தது.

மிளகி 'மருதமரம்' என்ற வார்த்தையைக் கேட்டாள். முதலில் அது தன் வார்த்தை என்பதே அவளுக்குப் புரியவில்லை. தான் ரகசியமாய்ச் சொன்னது இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவள் நினைத்ததில்லை. புரிந்த அடுத்த கணம் திரும்பினாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்ததும் ஓட ஆரம்பித்தாள். வறண்ட ஓடை அங்கிருந்து கிட்டத்தில் இல்லை.

செங்கண் தாதா இதையெல்லாம் கவனிக்கவில்லை. கைதட்டல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கைதட்டலுக்கு முன்னால் சாக்கடைச் சீனி பாறையிலிருந்து இறங்கி வந்தான்.

"அண்ணே, குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உங்க வாலு இல்லண்ணே" என்றான்.

"என்னப்பா சொல்ற?"

"என் வாலு அறுந்தப்போ எனக்கு உயிரு போற மாதிரி வலிச்சுது. இப்பவும் அந்த வரி வந்தா வலிக்குது. இவ்ளோ கஷ்டத்தைப் பாடுனீங்களே, உங்களுக்கு எங்கயாச்சும் வலிச்சுதா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "அதானே, இவருக்கு எப்ப கால் ஒடிஞ்சது?" என்றது ஒரு கீரி. "எல்லாம் பொய்யாத்தான் இருக்கும்" என்றது இன்னொன்று. கூட்டம் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து, பேசிக்கொண்டே மடுவின் அக்கரைக்கு நகர்ந்தது.

செண்பகராசனுக்கு மூஞ்சி செத்துவிட்டது. இத்தனை காலத்தில் அவரைப் பார்த்துப் 'பொய்' என்று யாரும் சொன்னதில்லை. உண்மை பேசியபோது ஒருவரும் சாட்சி கேட்கவில்லை, பொய் பேசிய அன்றைக்குக் கேட்டுவிட்டார்களே என்று அவருக்கு ஒரே வருத்தம்.

அந்த நேரம் பார்த்துக் கீழே புதர் சலசலத்தது. பொந்துக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் ஏறி வந்தது.

"தாதா, இருக்கீங்களா?"

அவரைத் தாதா என்று கூப்பிட்ட முதல் குரல் அது. செண்பகராசன் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க நேயரே. யார் பேசுறீங்க?"

"பேர் சொல்ல விரும்பலீங்க. உங்க ரசிகன்னு வச்சுக்கங்களேன். பாட்டை ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன்."

"அப்படிங்களா? எந்த வரி பிடிச்சுது?"

"அந்தப் பொந்து வரிதான். அம்மா மேயப் போயிட்டா, பிள்ளை தனியா கிடக்குன்னு வந்துச்சு பாருங்க, அப்படியே உருகிட்டேன். வாயில தண்ணி ஊறிருச்சு."

"கண்ணுலதானே தண்ணி வரணும்?"

"எனக்கு வாயிலதான் வரும் தாதா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

உண்மையான ரசிகன் என்று நினைத்தார் செண்பகராசன். பாட்டின் வரிகளை இவ்வளவு கூர்ந்து கேட்கிற ரசிகன் கிடைப்பது எந்தக் கலைஞருக்கும் பெரிய பாக்கியம்தானே.

குரல் தொடர்ந்தது. "ஆனா அந்தப் பெருச்சாளிப் பய எல்லாம் பொய்யிங்கிறான். எனக்கு மனசு ஆறல. அந்த மருதமரம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து, தாதா பாடுனது நெசம்தான்னு ஊரைக் கூட்டிச் சாட்சி சொல்றேன்."

சாட்சி! அவருக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மிளகி சொன்ன வார்த்தைகள் அப்படியே ஞாபகத்தில் இருந்தன. நல்ல அறிவிப்பாளர், ஒரு சொல் பிசகவில்லை.

"வறண்ட ஓடைக்கு மேற்கால. இடி விழுந்து சாஞ்ச மரம். அதோட பொந்துக்குள்ள" என்றார்.

"இப்பவும் உள்ள யாராச்சும் இருக்காங்களா தாதா?"

"இருக்கு... அதாவது, நான்தான் இருந்தேன். சின்னப் பிள்ளையில."

"புரியுதுங்க. சின்னப் பிள்ளைன்னாலே தனி ருசிதான்" என்றது குரல். "வர்றேன் தாதா."

புதர் மறுபடி சலசலத்தது. தன் முதல் ரசிகனை ஒரு முறை பார்த்துவிடும் ஆசையில் செண்பகராசன் எட்டிப் பார்த்தார். முதலில் ஒரு நீண்ட வால் தெரிந்தது. பிறகு கரும்புள்ளி போட்ட முதுகு தெரிந்தது. ஓட முடிந்த எதையும் துரத்திப் பிடிக்க முடியாமல் பல நாளாகப் பட்டினி கிடந்த இந்தக் காட்டின் கிழட்டுச் சிறுத்தை, மேற்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தது.

நத்தைச் சங்கிலி அவர் கழுத்தில் கலகலவென்று நடுங்கியது.

செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அலகுக்கு முன்னால் மேல் வாய் திறந்து கிடக்கிறது. 'மருதமரத்துக்குச் சிறுத்தை போகிறது. யாராவது ஓடிப்போய் அந்தக் குட்டியைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லலாம். காடு முழுக்கக் கேட்கும். ஆனால் 'எந்தக் குட்டி? அது உன் சொந்தக் கதை இல்லையா?' என்று அக்கரையில் இருக்கும் கூட்டம் கேட்குமே. சீனி சிரிப்பானே. ஒரு சாயங்காலம்கூட முழுதாகத் தாதாவாக இருக்கவில்லையே.

தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கனத்த குரலில் அறிவித்தார்.

"முக்கிய அறிவிப்பு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நேயர், இடம் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், கொஞ்சம் கவனமாக இருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

காடு முழுக்கக் கேட்டது. முயல்கள் ஆளுக்கொரு திசையில் ஓடின. கரடி எதற்கும் இருக்கட்டும் என்று மரத்தில் ஏறிக்கொண்டது. கொண்டையன் அடித்துப் பிடித்துப் பறந்து வந்தான்.

"யாருண்ணே அது? எந்த இடம்? என்ன ஆபத்து?"

செண்பகராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நேயரோட ரகசியம்பா. வெளிய சொல்லக் கூடாது."

இப்படி ஒரு மனிதரை, மன்னிக்கவும், இப்படி ஒரு பறவையை நான் பார்த்ததில்லை. ரகசியம் காக்க வேண்டிய நேரத்தில் பாடினார். ஊரைக் கூட்டிப் பாட வேண்டிய நேரத்தில் ரகசியம் காத்தார். எனக்கு இதை எழுதும்போதே கை கூசுகிறது.

நல்லவேளை, அவரை நம்பி அங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஒருமுறை நம்பியதே போதும் என்று மிளகி மூச்சிரைக்க மருதமரத்தை அடைந்திருந்தாள். குட்டியை மூக்கால் நெட்டி வெளியே கொண்டுவந்தாள். அது நாலடி நடந்து விழுந்தது. தூக்கிவிட்டாள். மறுபடி விழுந்தது. "எந்திரிடா, எந்திரிடா கண்ணு" என்று அவள் கெஞ்சுவது மட்டும் கேட்டது.

அந்த வழியாகத்தான் வேலாயுதம் தன் குழிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய கண்ணோடு நின்று பார்த்தார். பாட்டில் வந்த பின்னங்கால் யாருடையது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பாட்டில் வந்த முதுகு யாருடையது என்று மிளகிக்கும் விளங்கியது.

"என் குழி இந்தா பக்கத்துலதான் இருக்கு. பிள்ளைய உள்ள கூட்டிட்டு வாம்மா. ஒருத்தரும் வராத இடம்" என்றார் வேலாயுதம்.

குட்டியும் தாயும் குழிக்குள் போனார்கள். வேலாயுதம் கடைசியாக நுழைந்து, முதுகை வெளியே காட்டி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சிறுத்தை மருதமரத்துக்கு வந்தபோது பொந்து வெறுமையாக இருந்தது. படுத்திருந்த இடத்தில் சூடு இன்னும் ஆறவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டு குழி வரை வந்தது. பசி அவசரத்தில் நேரே மூக்கை நுழைத்தது. வேலாயுதம் முட்களை ஒருசேர விரித்தார். மூக்கெல்லாம் முள்ளேறி, சிறுத்தை அலறிக்கொண்டு ஓடிய சத்தம் ஆனைமடு வரை கேட்டதாம். அன்றைக்குக் காட்டில் வந்த உண்மையான செய்தி அது ஒன்றுதான், அதையும் வானொலி சொல்லவில்லை.

குட்டி பயத்தில் நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு எப்படியோ தூங்கிப் போனது. வேலாயுதம் வாசலை விட்டு அசையவில்லை. தன் முதுகுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சு விடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

விஷயம் காடு முழுக்கத் தெரிய நேரமாகவில்லை. மிளகி யாரிடமும் போய்ப் புலம்பவில்லை. கேட்டவர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். கரடி தானே முன்வந்து, "ஆமா, எனக்குத் தேனீன்னா பயம்தான். அதை அந்த ஆளு பாட்டாப் போட்டு வித்துட்டான்" என்றது. யாரும் சிரிக்கவில்லை. தாங்கள் பொந்தில் சொன்னதெல்லாம் எந்தப் பாட்டுக்காகக் காத்துக் கிடக்கிறதோ என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தார்கள்.

செங்கண் தாதா நத்தைச் சங்கிலியைக் கழற்றி மடுவில் எறிந்தார். ராப்பை விட்டுவிட்டதாகக் காலைச் செய்தியில் அறிவித்தார். கலையுலகுக்கு இது பேரிழப்பு என்றும் அவரே சொன்னார். மாலையில் பழையபடி அலகை நீவிவிட்டுக்கொண்டு, "மனம் விட்டுப் பேசுவோம். சொல்லுங்க நேயரே" என்றார்.

யாரும் பேசவில்லை. அடுத்த மாலையும் யாரும் பேசவில்லை. அவர் சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். "தொடர்ந்து இணைந்திருங்கள்" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. பொந்துக்குள் காற்று போய்வருகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் அவருக்கு உண்மையிலேயே எங்கோ வலித்தது. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு மாலை, கீழே புதர் சலசலத்தது.

செண்பகராசன் துள்ளி எழுந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வணக்கம் நேயரே, வணக்கம்! சொல்லுங்க, உங்க மனசுல என்ன இருந்தாலும் சொல்லுங்க."

மூக்கடைத்த ஒரு குரல் பொந்துக்குள்ளிருந்து மெல்ல ஏறி வந்தது.

"தாதா, அடுத்த பாட்டு எப்போ?"

நம்பிச் சொன்னவர்களின் துயரத்தைத் தன் புகழுக்குத் தீனியாக்குகிறவனுக்குக் கடைசியில் மிஞ்சுகிற ரசிகன், அடுத்த இரை எங்கே என்று தேடுகிறவன் மட்டும்தான்.